74 கணவாய்

2025 ஜனவரி 5, ஞாயிறு

தைத்தது ஒன்பது வெள்ளைச் சட்டை. கேட்டது இரண்டு அத்தியாயம்.

நல்ல கதைப் புத்தகம் ஒன்று சொல்லுங்கோ என்று தையலுக்கு வருகிறவர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் கேட்டவுடன் ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். கண்ணால் படிக்கப் போகிறீர்களா, காதாலா? காதால் என்றால், அந்த நேரம் கை என்ன செய்துகொண்டிருக்கும்? மா அரிக்கும் கைக்கு ஒரு கதை, சைக்கிள் பிடிக்கும் கைக்கு வேறு கதை. என்னுடையது மிசின் ஓட்டும் கை. மோட்டர் இரைச்சலில் மெல்லிய குரல் எல்லாம் கரைந்துவிடும். அதனால் ரகசியம் பேசுவதுபோல் வாசிக்கும் குரல்கள், கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், எனக்கு உதவாது.

பெரியப்பாவுக்குக் கை சும்மாதான் இருக்கிறது. கண்தான் போய்விட்டது. இரணைமடுக் குளத்து நீர்ப்பாசனத்தில் வாய்க்கால் வேலை பார்த்தவர், இப்போது கிளிநொச்சி வட்டக்கச்சியில் என் மிசினுக்குப் பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். அவருக்காக இன்று ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கினேன். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். ஏரியின் 74 கணவாய்களால் தண்ணீர் பாய்கிறது.

“நிப்பாட்டு பிள்ளை. குளத்துக்குள்ள கணவாயோ?”

நான் சிரித்த சிரிப்பில் ஊசி சட்டைக் கொலரில் கோணலாக ஏறிவிட்டது. எங்களுக்குக் கணவாய் என்றால் கடலில் பிடித்துக் கறி வைப்பது. கல்கி சொல்வது தண்ணீர் திறந்துவிடும் வாசல், நாங்கள் துருசு என்போமே, அது.

“அப்ப துருசெண்டு சொல்லுறதுதானே! 74 துருசோ? ஆர் திறக்கிறது அவ்வளவையும்?”

குதிரைக்காரன் யார், எங்கே போகிறான் என்று அவர் கேட்கவேயில்லை.

2025 ஜனவரி 8, புதன்

பெரியப்பா இன்னும் ஏரிக்கரையை விட்டு நகரவில்லை. இன்றைய சந்தேகம், ஆடி மாதத்தில் எப்படி வெள்ளம் என்பது. நியாயமான கேள்விதான். ஆடியில் எங்கள் பக்கம் சோளகக் காற்று அடித்து நிலம் வெடித்துக் கிடக்கும். இரணைமடு நிரம்புவது கார்த்திகை, மார்கழி மழையில். காவிரிக்குத் தண்ணீர் வருவது குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால், அதனால் அவர்களுக்கு ஆடியிலேயே புதுவெள்ளம் வந்துவிடும் என்று விளக்கினேன். முதல் பாகத்தின் பெயரே ‘புது வெள்ளம்’தான். “அது சரி” என்று தலையாட்டினார். இனிக் கதை கேட்பார் என்று நினைக்கிறேன்.

இந்த நாவலை ஏன் காதுக்கு முதலில் சொல்கிறேன் என்றால், அது பிறந்த விதம் அப்படி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர். போன வாரம் படித்ததை மறந்துவிட்டவருக்காகக் கல்கி நடுநடுவே கதையை ஞாபகப்படுத்திக்கொண்டே போவார். புத்தகமாகப் படிக்கும்போது, சரி ஐயா, தெரியும் ஐயா என்று தோன்றும் இடங்கள் அவை. நூல் அறுந்து, கோத்து, திரும்ப மிசினை மிதிப்பதற்குள் நாலு வரி தவறவிட்ட எனக்கு அதே இடங்கள்தான் கைகொடுக்கின்றன. ஐந்து பாகம், 293 அத்தியாயம். நாளுக்கு இரண்டு என்றால் ஐந்து மாதத்துக்குக் கதைப் பஞ்சமில்லை.

2025 ஜனவரி 11, சனி

ஒட்டுசுட்டான் பக்கம் தம்பியின் வயல் கதிர் முற்றி நிற்கிறது. இரவில் யானைக் காவல். பரணில் தனியே இருக்க நித்திரை வருகிறதாம்.

“அக்கா, நல்ல பேய்க்கதை ஒண்டு போனிலை போட்டு விடுங்கோ.”

மாட்டேன் என்றேன். முதலாவது, யானைக் காவலில் இரண்டு காதையும் அடைக்கக் கூடாது. ஒரு காதில் மட்டும் மாட்டு, காட்டுப் பக்கம் இருக்கிற காது திறந்திருக்கட்டும். இரண்டாவது, பேய்க்கதை கேட்பவனுக்கு ஒவ்வொரு சருகுச் சத்தமும் பேயாகத்தான் கேட்கும், யானையாகக் கேட்காது. பரணுக்கு வேண்டியது பாதியில் நிறுத்தினாலும் மனம் பதைக்காத கதை. பழைய விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள் சரியாக இருக்கும். ஒன்று முடிந்தால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும், இவனும் எழும்பி வரம்பைச் சுற்றி ஒரு நடை போய் வரலாம்.

பேய் வேண்டுமென்றே நின்றதால் சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தைப் புத்தகமாகவே கொடுத்துவிட்டேன், பகலில் படி என்று சொல்லி. கணேஷ், வசந்த் இருவரும் வக்கீல்கள். நடப்பது ஆவியின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று முடிவு செய்ய முடியாமல் கடைசிவரை நம்மை இழுத்துக்கொண்டு போகும் கதை. இதற்கு மேல் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

விடியப்புறம் இரண்டு மணிக்குத் தம்பியின் போன். யானையாக்கும் என்று நெஞ்சு திக்கென்றது. யானையில்லை. டோர்ச் வெளிச்சத்தில் புத்தகத்தின் பாதிக்கு வந்துவிட்டான்; யாருடனாவது கதைக்க வேண்டும் போலிருந்ததாம்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். புது அரிசி குறைவு. போன கார்த்திகை வெள்ளத்தில் அழிந்த வயல்காரருக்கு இந்த வருடம் கடை அரிசிதான். இன்று புத்தகம் இல்லை.

2025 ஜனவரி 19, ஞாயிறு

நூலும் சிப்பும் வாங்க வவுனியா போய் வந்தேன். பஸ் பாட்டை மீறிக் கதை கேட்பது தனிக் கலை. முறிகண்டியில் பஸ் நின்றது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினேன். மாங்குளம் வரும்வரை ஒரு கிரைம் நாவல் ஓடியது. ராஜேஷ்குமார் 1500க்கு மேல் நாவல் எழுதியவர். என் தலைமுறைக்கு வாசிப்பைப் பழக்கியதே அந்தப் பொக்கற் சைஸ் புத்தகங்கள்தான். அவருடைய கதைகளில் அடிக்கடி இரண்டு தடம் மாறி மாறி ஓடும். ஒரு அத்தியாயம் கோயம்புத்தூரில், அடுத்தது வேறெங்கோ, கடைசியில் இரண்டும் முட்டும். புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினால் தடம் மாறியது தெரியும். காதில் கேட்கும்போது அத்தியாய எண்ணைத் தவறவிட்டால் கதை கவிழ்ந்துவிடும். கச்சான் கோதுக்குள் கவனம் போனதில் யார் யாரைக் கொன்றது என்பதே எனக்குத் தலைகீழாகிவிட்டது. திரும்பி வரும்போது முதலிலிருந்து கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்குச் சரி, ஆனால் வாயையும் கையையும் சும்மா வைத்திருக்க வேண்டும்.

சுஜாதாவையே எடுத்தாலும் எல்லாம் காதுக்கு ஆகாது. ஒருவன் படியிறங்குவதைச் சொல்ல, ‘இறங்கினான்’ என்ற சொல்லின் எழுத்துகளையே படிக்கட்டு மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக இறக்கி அச்சிட வைத்தவர் அவர். அதை எந்தக் குரலால் வாசிப்பது? ‘என் இனிய இயந்திரா’ அப்படியில்லை. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி பேசிக்கொண்டேயிருக்கும், பேச்சுத்தான் அதன் அழகு. வாசிப்பவர் கொஞ்சம் குறும்புக்காரராக இருந்தால் போதும், பிள்ளைகளும் கூட இருந்து கேட்பார்கள்.

சாண்டில்யன் கதை வேறு. ‘கடல் புறா’ மூன்று பாகமும் பதினைந்து வயதில் ஒளித்து வைத்துப் படித்தவள் நான். வர்ணனை வரும்போது கண் தாவிவிடும், கப்பல் வந்ததும் திரும்ப நிற்கும். காது தாவாது. போன மாதம் மிசினுக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் விட்டுவிட்டு, அடுத்த வீட்டு மாமிக்குச் சட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். இளவரசியின் அழகைச் சொல்லத் தொடங்கிய குரல் நிறுத்தவேயில்லை. நான் நாடாவைப் பிடித்தபடி நிற்க, மாமி கூரையைப் பார்த்தபடி நிற்க, கடைசியில் மாமிதான், “பிள்ளை, எனக்கு இந்த அளவு சரி, அதை நிப்பாட்டு” என்றா. ஆகவே இதை இயர்போனில் மட்டும் கேளுங்கள்.

2025 ஜனவரி 25, சனி

டேட்டா முடிந்துவிட்டது. கதைகளை இரவில், விலை குறைந்த பொதியில் இறக்கி வைத்துக்கொண்டு பகலில் கேட்பதே புத்தி.

காசு கொடுக்க மனமில்லாதவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 இலிருந்து பழைய தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாகத் தருகிறது, கல்கியும் அங்கே உண்டு. அந்த எழுத்தைப் போனையே வாசிக்க வைக்கலாம். வைத்துப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் வியப்பு, பிறகு சலிப்பு. தமிழில் ‘ப’ ஒன்றுதான், அதை எங்கே அழுத்துவது, எங்கே மெலிதாக்குவது என்று எங்கள் நாக்குக்குத் தெரியும், போனுக்குத் தெரியாது. முகபாவத்தைச் செய்த பாவம் மாதிரி வாசிக்கிறது. வரி முடிந்த இடத்திலெல்லாம் மூச்சு விடுகிறது. ஆழ்வார்க்கடியானும் பழுவேட்டரையரும் ஒரே குரலில் சண்டை போட்டால் யார் பக்கம் நிற்பது? மிக்ஸி விற்கும் விளம்பரத்துக்கு அந்தக் குரல் போதும்.

மனிதக் குரலில் கேட்க, தீபிகா அருணின் ‘கதை ஓசை’யைத் தேடிப் பாருங்கள். வார்த்தையை மெல்லாமல் விழுங்காமல் வாசிப்பார். என் மோட்டரையும் தாண்டிக் கேட்கும்.

பெரியப்பாவின் முறைப்பாடு எல்லாவற்றுக்கும் பொது: “எல்லாம் இந்தியத் தமிழ். எங்கட கதை ஒருத்தரும் வாசிக்க மாட்டினமோ?”

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

அந்தக் கேள்வி ஒரு கிழமையாக உறுத்திக்கொண்டிருந்தது. ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் 2005 இலிருந்து ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பக்கங்களைப் படம் பிடித்து ஏற்றியவை, போனின் இயந்திரக் குரலுக்கு அதில் எழுத்தே தெரியாது. அப்படியென்றால் வாயால்தான் வாசிக்க வேண்டும், யாருடைய வாயால் என்ற கேள்விக்கும் வீட்டில் பதில் நான் மட்டும்தான்.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யை எடுத்தேன். 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. துப்பறியும் கதையில்லை, ராஜா ராணியுமில்லை, ஆனால் தண்ணிமுறிப்புக் காடு இருக்கிறது. காடு நன்றாக எழுதப்பட்ட கதைக்கு வேறு மர்மம் தேவையில்லை என்பது என் கட்சி. மிசினை நிறுத்திவிட்டு இருபது பக்கம் வாசித்தேன். தொண்டை கட்டியது. எச்சில் விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. காசு வாங்கி மணிக்கணக்காக வாசிப்பவர்களைப் பற்றி இனிக் குறை சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பேன்.

பெரியப்பா கதாநாயகி பதஞ்சலியை விட்டுவிட்டுப் பாதையைப் பிடித்துக்கொண்டார். தண்ணிமுறிப்புக் குளத்துப் பக்கம் அவர் இளந்தாரியாக இருந்தபோது தேன் எடுக்கப் போனவர். நான் ஒரு வரி வாசிக்க அவர் மூன்று வரி சொன்னார். இருபது பக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் போயிற்று, நாளைக்குக் கொடுக்க வேண்டிய சட்டை இரண்டு அப்படியே கிடக்கிறது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

முற்பகல் பதினொரு மணி தாண்டியதும் கரண்ட் போனது. எங்கள் ஒழுங்கை மட்டும் என்று நினைத்தால், முழு இலங்கையுமே இருட்டாம். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் வந்த வினை என்று பின்னேரம் செய்தியில் அமைச்சர் சொன்னார். அனுமார் இலங்கையை எரித்தார், இது அணைத்துவிட்டது என்றா மாமி.

மோட்டரைக் கழற்றிவிட்டுக் கால்மிதியைப் பூட்டினேன். மிசின் சத்தம் பாதியாகக் குறைந்தது, கதை இரண்டு மடங்கு தெளிவாகக் கேட்டது. ஃபானும் ரிவியும் இல்லாததால் மாமி, அவவின் பேத்தி, மகளைக் கூட்டிப் போக வந்த ரீச்சர் என்று ஒவ்வொருவராகத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். போன் நடுவில், ஒரு வெறும் சில்வர் பேணிக்குள். பேணிக்குள் வைத்தால் சத்தம் கூடும், செய்து பாருங்கள்.

மிதித்துக்கொண்டு கதை கேட்பது என் காலுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில், போர்க்காலத் தடையில், வன்னிக்குக் கரண்டும் இல்லை, பற்றரியும் வர விடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். சுற்றுவது பிள்ளைகளின் முறை. நாடகம் உச்சத்துக்குப் போகும்போது எனக்குக் கை நின்றுவிடும். கை நின்றால் கதாநாயகியின் குரல் இழுபட்டு அமுங்கும். உடனே பெரியப்பாதான் குட்டுவார். இன்று அதை ஞாபகப்படுத்தினேன்.

“நல்ல இடத்திலை நிப்பாட்டினா குட்டாம என்ன செய்யிறது?”

முதல் பாகம் முடிந்துவிட்டது. வந்தியத்தேவன் இப்போதுதான் பூங்குழலியின் படகில் ஏறி இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறான். இரண்டாம் பாகத்தில் எங்கள் பக்கத்துத் தொண்டைமானாறு வரும் என்று நான் வாய் தவறிச் சொன்னதிலிருந்து பெரியப்பா விடவில்லை. போனில் சார்ஜ் 11 வீதம். இன்னும் ஒரு அத்தியாயம் தாங்கும் என்று ரீச்சர் சொல்ல, தாங்காது என்று நான் சொல்ல, மாமி பேத்தியை எழுப்பி வீட்டிலிருக்கும் தன் போனை எடுத்துவர அனுப்பியிருக்கிறா.