கவுண்டி அனுப்பிய இரண்டு உறைகள்

கலிஃபோர்னியாவில் பத்து ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தவரை, நம் மாவட்ட அலுவலகம் போன்ற கவுண்டி அலுவலகத்துக்கு நான் ஒரே ஒருமுறைதான் போயிருந்தேன், மகளின் பிறப்புச் சான்றிதழ் வாங்க. ஓட்டுநர் உரிமத்துக்கு மாநில அரசு, விசாவுக்கு மத்திய அரசு, குப்பைத் தொட்டிக்கு நகராட்சி. இடையில் இந்தக் கவுண்டி எதற்கென்று யோசித்ததில்லை. ஊரில் இருக்கும் அப்பாவிடம் சொன்னபோது, "அந்தக் கால ஜில்லா போர்டு மாதிரியா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதுதான். இந்த மாநிலத்தில் 58 கவுண்டிகள். நம் ஊர்க் கலெக்டர் போல மேலிருந்து வந்து அமரும் ஒருவர் கிடையாது. சொத்துக்கு மதிப்புப் போடும் அசெஸரைக் கூட மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வீடு வாங்கியது ஒரு பிப்ரவரியில். கையெழுத்துப் போட உட்கார்ந்த அன்று மேசையில் இருந்த காகிதக் கட்டு ஒரு தீபாவளி மலர் கனம். அதில் ஒரு படிவம், உரிமை மாறியதை அசெஸருக்குத் தெரிவிப்பது. "வரி சம்பந்தமான கடிதங்களை எங்கே அனுப்ப வேண்டும்?" என்று ஒரு வரி. அன்று குடியிருந்தது வாடகை வீடு என்பதால் அந்த முகவரியையே எழுதிக் கொடுத்தேன். பின்னால் வந்த வினையெல்லாம் அந்த ஒரு வரியால்.

குடிபோன இரண்டாவது மாதம் அரசு முத்திரை போல ஏதோ அச்சிட்ட ஒரு கடிதம் புது வீட்டுக்கு வந்தது. பத்திர நகல் வேண்டுமானால் 119 டாலர் அனுப்பவும் என்றது. அடியில் பொடி எழுத்தில், "இது அரசு அலுவலகம் அல்ல". பதிவான பத்திரத்தின் நகலைக் கவுண்டியின் பத்திரப் பதிவு அலுவலகமான ரெக்கார்டர் அலுவலகத்தில் சில டாலர்களுக்கே வாங்கிவிடலாம். கிழித்துப் போட்டேன். அந்தத் தைரியத்தில், இனி இந்தச் சாயலில் எது வந்தாலும் குப்பைதான் என்று முடிவும் கட்டிவிட்டேன்.

நவம்பரில் வங்கிக் கணக்கைப் பார்த்தால், மாதத் தவணையோடு பிடித்து வைத்த பணத்திலிருந்து வீட்டு வரியின் முதல் பாதி 1,440 டாலர் கட்டப்பட்டிருந்தது. ஆண்டுக்கு மூவாயிரம் கூட இல்லை! நண்பர்கள் ஏன் இப்படிப் புலம்புகிறார்கள் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 6, சனிக்கிழமை. பழைய குடியிருப்பில் எங்களுக்குப் பின் வந்த நண்பர் அழைத்தார். "உங்கள் பெயருக்குக் கவுண்டியிலிருந்து ரெண்டு உறை வந்து கிடக்கிறது. விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிட்டேன், மன்னியுங்கள்." அவரை எப்படிக் கோபிப்பது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பிரித்தால் இரண்டு சப்ளிமென்டல் வரி பில்கள், அதாவது ஆண்டு வரிக்கு மேல் கூடுதலாக வருபவை. ஒன்று 4,000 டாலர், மற்றது 12,000. முதல் பாதியை டிசம்பர் 10க்குள் கட்டாவிட்டால் பத்து சதவீத அபராதம். பில் கைக்கு வரவில்லை என்பது காரணமாக ஏற்கப்படாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முதலில் போய் நின்றது அசெஸர் கவுண்டரில். அங்கிருந்த அம்மையார் பில்லைப் பார்த்துவிட்டு, "பணம் வாங்குவது நாங்கள் இல்லை. மதிப்பு போடுவது மட்டும்தான் நாங்கள், வசூல் வேறு மாடி," என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இரங்கி, ஒரு தாளில் கணக்கை எழுதிக் காட்டினார். (எண்களை இங்கே முழுமையாக்கியிருக்கிறேன்.)

1978இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய பதிமூன்றாம் முன்மொழிவின்படி, வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. கை மாறினால் பொதுவாகச் சந்தை விலைக்குத் தாவும். எனக்கு விற்றவர் பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கியவர். அவர் பெயரில் இருந்த மதிப்பு 2,40,000 டாலர். நான் கொடுத்த விலை 12,40,000. அடிப்படை வரி ஒரு சதவீதம். பள்ளிக்கூடங்களுக்காக வாங்கிய பொதுக் கடன் முதலியவை சேர்ந்து எங்கள் பகுதியில் 1.2 சதவீதம் வருகிறது. ஆண்டு பில் ஜனவரி 1 நிலவரப்படி போடுவது. அன்று வீடு அவருடையது. ஆகவே நான் பெருமையடித்துக்கொண்டது அவருடைய வரியை வைத்து! இடையில் விழுந்த பத்து லட்சம் வித்தியாசத்துக்குத்தான் சப்ளிமென்டல். வரி ஆண்டு ஜூலையில் தொடங்குவதால், மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதத்துக்கு ஒன்று, அடுத்த முழு ஆண்டுக்கு ஒன்று. ஜூன் அல்லது அதற்குப் பிறகு வாங்கியிருந்தால் ஒரே பில்தான் வந்திருக்கும். வங்கி பிடித்து வைக்கும் பணத்திலிருந்து இதைப் பொதுவாகக் கட்டுவதில்லை. உரிமையாளர்தான் கட்ட வேண்டும்.

பில்லுக்கு முன்பே மதிப்பீட்டு அறிவிப்பு ஒன்றும் பழைய முகவரிக்குப் போயிருந்தது. மதிப்பை ஏற்காவிட்டால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக அதிலிருந்து 60 நாள், அது கடந்துவிட்டது. நான் கொடுத்த விலையைத்தான் போட்டிருந்தார்கள், முறையிட என்ன இருக்கிறது? சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு மதிப்பில் 7,000 டாலர் கழிக்கும் சலுகையை இந்த பில்களுக்கு முழுமையாகக் கேட்க 30 நாள், அதுவும் போயிற்று. ஆண்டு பில்லுக்காவது பிப்ரவரி 15க்குள் படிவம் கொடுங்கள் என்றார். மிச்சமாவது எண்பது டாலர் சொச்சம். அன்றைய மனநிலையில் அது பெரிதாகத் தெரிந்தது. முகவரி மாற்றப் படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டேன், இந்த முறை இருமுறை படித்துப் பார்த்து.

வசூல் மாடிக்கு வழி தவறி முதலில் கிளார்க் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டேன். வெள்ளை உடையில் ஒரு பெண்ணும் கோட்டு அணிந்த ஒரு பையனும் கையில் டோக்கனோடு, பதிவுத் திருமணத்துக்குக் காத்திருந்தார்கள். எனக்கும் வாழ்த்துச் சொல்லத் தோன்றியது, சொன்னேன். என் கையில் இருந்த பில்லை அவர்கள் கவனிக்கவில்லை.

கடன் அட்டையில் கட்டினால் இரண்டு சதவீதத்துக்கு மேல் கட்டணம் என்றார்கள். காசோலை எழுதினேன், எட்டாயிரம். மறு பாதி ஏப்ரல் 10க்குள். அந்த ஆண்டு இந்தியப் பயணம் நின்றது.

படிவத்தைப் பிப்ரவரியில் கொடுத்துவிட்டேன். அடுத்த அக்டோபரில் ஆண்டு பில் புது வீட்டு முகவரிக்கே வந்தது, 7,000 கழித்து. அதே வாரம் 119 டாலர்காரர்களும் மறுபடி எழுதியிருந்தார்கள்.