புவாவி: ஓர் இளவரசி கட்டிய நினைவுக் கோயில்

போலந்துத் தலைநகர் வார்சாவுக்குத் தென்கிழக்கே, விஸ்துலா ஆற்றங்கரையில் உள்ள புவாவி நகரின் அரண்மனைப் பூங்காவில், சரிவின் விளிம்பில் தூண்கள் சூழ வட்டமாக நிற்கிறது சிபில் கோயில். இத்தாலியின் திவோலியிலுள்ள பழைய ரோமானியக் கோயிலைப் பின்பற்றி, கட்டடக் கலைஞர் ஐக்னரைக் கொண்டு 1801-இல் இதைக் கட்டி முடித்தவர் இளவரசி இசபெலா சார்தோரிஸ்கா. இதில் எந்தத் தெய்வமும் இல்லை. அவர் இங்கே காத்து வைத்தது தம் நாட்டின் நினைவை.

1746-இல் பிறந்த இசபெலாவுக்குப் பதினைந்து வயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் ஆதாம் காசிமிர், போலந்தின் கடைசி மன்னர் ஸ்தனிஸ்வாவ் அகஸ்டின் தாய்மாமன் மகன். 1794-இல் ரஷ்யாவை எதிர்த்துத் தளபதி கொஷ்சியுஷ்கோ நடத்திய எழுச்சியின்போது ரஷ்யப் படைகள் புவாவி அரண்மனையைச் சூறையாடின. மறு ஆண்டே ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகள் போலந்தை முற்றாகப் பங்கிட்டுக்கொள்ள, மன்னர் முடி துறந்தார். பறிக்கப்பட்ட நிலங்களை மீட்பதற்காக இசபெலாவின் இரு மகன்களும் பீட்டர்ஸ்பர்க் அரசவைக்குச் செல்ல நேர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு, பாழாகிக் கிடந்த இடத்திற்கே திரும்பி வந்து அவர் சேகரிக்கத் தொடங்கியதுதான் என்னை மிகவும் நெகிழச் செய்தது. மன்னர்களின் நினைவுப் பொருள்களும், 1410-இல் போலந்து வென்ற குருன்வால்ட் போரில் கிடைத்த இரண்டு வாள்களும் இந்த மண்டபத்திற்கு வந்தன. அதன் வாயிலில் ‘கடந்த காலம், வருங்காலத்திற்கு’ என்று போலிஷ் மொழியில் பொறிக்கச் செய்தார். அரசு இல்லாத மக்களுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்த இச்செயலை, அரசியல் துணிவு என்றே நான் கருதுகிறேன். 1809-இல் அருகில் எழுந்த கோதிக் இல்லத்தில், மூத்த மகன் இத்தாலியில் வாங்கித் தந்த லியோனார்டோ டா வின்சியின் ‘எர்மின் விலங்குடன் ஒரு சீமாட்டி’ ஓவியமும் இருந்தது.

1830-இல் மீண்டும் எழுச்சி மூண்டதும் சேகரிப்பைப் பகுதி பகுதியாக மறைத்து வெளியேற்றினார்கள். அதில் பெரும்பகுதி பின்னர் பாரிஸ் சென்றது. அடுத்த ஆண்டு புவாவியைப் பீரங்கியால் தாக்கிய ரஷ்யப் படைத்தலைவர்களில் ஒருவர், இசபெலாவின் சொந்த மகள் வயிற்றுப் பேரனான வூர்ட்டம்பர்க்கின் ஆதாம். வீடிழந்த முதிய இளவரசி, ஆஸ்திரியாவின் ஆட்சியிலிருந்த வைசோக்கில் மகளுடன் தங்கி, 1835-இல் காலமானார். அந்த ஓவியத்தைக் காண விரும்புவோர் இன்று கிராகோவ் நகரின் சார்தோரிஸ்கி அருங்காட்சியகத்திற்குச் செல்ல வேண்டும். ஆயினும் புவாவியை முதலில் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.