கதைக்கு மேலே ஒரு வரி

ஓர் இணைய இதழில் சிறுகதைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிரசவத்தில் குழந்தை இறந்துபோகும் கதை ஒன்றைப் போட்டிருந்தோம். மறுநாள் ஒரு வாசகியிடமிருந்து மடல். "கதை நன்றாக இருக்கிறது. போன மாதம் எனக்குக் கரு கலைந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறொரு நாள் படித்திருப்பேன்."

படித்திருக்கவே மாட்டேன் என்று அவர் எழுதவில்லை. அந்த 'வேறொரு நாள்'தான் என்னை உறுத்தியது.

கதைக்கு மேலே ஓர் எச்சரிக்கை வரி போடலாம் என்று கதாசிரியரிடம் போனில் சொன்னேன். கொதித்துவிட்டார். "கடைசிப் பத்தியில வெச்சிருக்கிறதை நீங்க தலைப்புலயே போட்டு உடைச்சா, கதை எதுக்கு சார்?" நியாயம்தான். சமாதானத்துக்கு, 'இக்கதை சிலரைச் சங்கடப்படுத்தலாம்' என்று போட்டேன். மகா மொண்ணையான வரி. யாரையுமே சங்கடப்படுத்தாத கதையை நான் ஏன் வாங்கப்போகிறேன்?

2009இல் திறக்கப்பட்ட 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் (பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே கதை எழுதும் இடம்) ஒரு வழி கிடைத்தது. கடும் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வல்லுறவு, பதினெட்டு வயது நிரம்பாதோர் பாலுறவு என்று அங்கே நான்கு எச்சரிக்கைகள். கூடவே, 'எச்சரிக்கை தர விருப்பமில்லை' என்று எழுதுபவர் சொல்லிக்கொள்ளவும் இடமுண்டு. அதுவும் ஒரு தகவல்தானே! துணிந்தவர் உள்ளே போகலாம். நாங்களும் அப்படியே வைத்தோம். எச்சரிக்கை மடிந்தே இருக்கும், வேண்டியவர் தட்டினால் விரியும். அந்தப் பிரசவக் கதைக்குக் கதாசிரியரும் நானும் பேரம் பேசி எழுதியது இரண்டே சொல்: 'பிரசவம், இழப்பு.'

2023இல் வெளியான ஒரு தொகுப்பாய்வை உடன் வேலை செய்பவர் கொண்டுவந்து நீட்டினார். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எச்சரிக்கை மன வேதனையைக் குறைப்பதில்லையாம். படிக்காமல் விலகுவோரும் கூடுவதில்லையாம். படிக்கும் முன்பான பதற்றம்தான் கூடுகிறதாம். கொஞ்சம் ஆடித்தான் போனேன். ஆனால் அந்த வாசகி வலி குறைய வேண்டும் என்று கேட்கவில்லையே, நாளைத் தள்ளிப்போடத்தானே கேட்டார்? வரியை எடுக்கவில்லை.

எனக்குப் பயம் வேறு இடத்தில். மேலே எச்சரிக்கை இருக்கிறதே என்ற தைரியத்தில் உள்ளே எதையும் விட்டுவைக்கத் தோன்றுகிறது. தற்கொலைக் கதை ஒன்றில் செய்முறையே வரிவரியாக இருந்தது. முறையை விவரிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்கிறது. புனைவுக்கும் அது பொருந்தும் என்பது என் கட்சி. எச்சரிக்கையோடு நிறுத்தாமல் அந்தப் பத்தியையே வெட்டச் சொன்னேன்.

பிரசவக் கதைக்காரர் அண்மையில் அடுத்த கதை அனுப்பினார். தலைப்புக்கு மேலே அவரே எழுதியிருந்தார்: 'எச்சரிக்கை தர விருப்பமில்லை.' அப்படியே போட்டேன்.