வணிகச் சட்டத் தாள்: ‘செல்லாது’ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் வராது

பி.காம். வகுப்பில் கணக்குப்பதிவியலை அநாயாசமாகப் போடும் பிள்ளைகள் வணிகச் சட்டத்தில் மட்டும் திணறுவதைப் பார்க்கலாம். உழைப்பு குறைவதால் அல்ல. கைடில் உள்ள வரையறையையும் ஏழெட்டு உட்தலைப்புகளையும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். தேர்வில் வருவதோ ஒரு சின்னக் கதை: ஒருவர் விற்றார், இன்னொருவர் பணம் கொடுக்கவில்லை, யார் பக்கம் சட்டம்? படித்தது அத்தனையும் நினைவில் இருந்தும் அந்தக் கதைக்குள் எதை வைப்பது என்று தெரியாமல் போகிறது. இந்தத் தாளைத் தாண்ட நான் கண்ட வழி ஒன்றுதான். பிரிவின் சொற்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கதையும் தீர்ப்பும் அந்தச் சொற்களில்தான் தொங்குகின்றன.

முதல் வாரமே ‘பேர் ஆக்ட்’ கையில் இருக்கட்டும். விளக்கவுரை ஏதுமின்றி, சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள பிரதி அது. மத்திய அரசின் ‘இந்தியா கோடு’ தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ஐத் திறந்தால் 75-ஆம் பிரிவுக்கு அடுத்து 124-க்குத் தாவுவதைப் பார்த்துப் பக்கம் கிழிந்துவிட்டதோ என்று பலர் குழம்புவார்கள். முதலில் 266 பிரிவுகள் இருந்தன. 76 முதல் 123 வரை சரக்கு விற்பனை பற்றியவை. 1930-இல் தனிச் சட்டமாகப் பிரிந்தன. 239 முதல் 266 வரை கூட்டாண்மை பற்றியவை. அவை 1932-இல் பிரிந்தன. மிச்சம் இருப்பதில் 1 முதல் 75 வரை எல்லா ஒப்பந்தங்களுக்குமான பொது விதிகள். 124-இலிருந்து ஈட்டுறுதியும் (இழப்பை ஈடு செய்வதாகத் தரும் வாக்குறுதி) உத்தரவாதமும், 148-இலிருந்து ஒப்படைப்பும் அடகும், 182 முதல் 238 வரை முகமை (ஒருவருக்காக இன்னொருவர் செயல்படுவது). இந்த வரலாறு தெரிந்தால் பாடத்திட்டம் ஏன் இந்த வரிசையில் இருக்கிறது என்பது தானாக விளங்கும். சரக்கு விற்பனையும் கூட்டாண்மையும் ஒப்பந்தச் சட்டத்தின் பிள்ளைகள். தாயைப் படிக்காமல் அவற்றுக்குப் போகக் கூடாது.

2-ஆம் பிரிவில் (அ) தொடங்கும் வரையறைகள் மொத்தமே பத்துதான். முனைவு (ஒருவர் முன்வைக்கும் யோசனை), ஏற்பு, மறுபயன், உடன்பாடு, ஒப்பந்தம் என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. இந்தப் பத்தையும் பார்க்காமல் சொல்லும் அளவுக்குப் படித்துவிட்டால் முதல் அலகில் பாதி முடிந்தது.

உதாரணத்துக்கு மறுபயன். வாக்குறுதி தருபவரின் விருப்பப்படி, வாக்குறுதி பெறுபவரோ வேறு எவரேனுமோ ஒன்றைச் செய்திருந்தாலும், செய்தாலும், செய்வதாகச் சொன்னாலும் அதுதான் மறுபயன் என்கிறது வரையறை. இதில் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். ‘வாக்குறுதி தருபவரின் விருப்பப்படி’ என்பதால், யாரும் கேட்காமல் செய்த உதவி மறுபயன் ஆகாது. ‘செய்திருந்தாலும்’ என்பதால், முன்பே கேட்டுச் செய்யவைத்த செயலும் மறுபயன் ஆகும். ‘வேறு எவரேனுமோ’ என்ற சொல்லில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னையா வழக்கு நிற்கிறது. ஒரு மூதாட்டி மகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதிவைக்கிறார். தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர வேண்டும் என்பது நிபந்தனை. மகளும் அப்படியே தருவதாக எழுதிக் கொடுக்கிறார். பிறகு, ‘உங்களிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லையே’ என்று மறுக்கிறார். மறுபயன் தாயிடமிருந்து வந்தது, அது போதும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆங்கிலச் சட்டத்தில் இப்படி முடிந்திருக்காது; அங்கே வாக்குறுதி பெறுபவரே மறுபயன் தந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மறுபயனுக்கு அயலார் வேறு, ஒப்பந்தத்துக்கு அயலார் வேறு. சின்னையா வழக்கில் வழக்குப் போட்டவரிடம் மகள் நேரடியாக எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே அவர் ஒப்பந்தத்தின் தரப்பினர், மறுபயனுக்கு மட்டுமே அயலார். ஒப்பந்தத்திலேயே இல்லாத ஒருவர் பொதுவாக வழக்குப் போட முடியாது. அறக்கட்டளைப் பயனாளி, குடும்ப ஏற்பாட்டில் பயன் பெறுபவர் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ‘அயலாரும் வழக்குத் தொடரலாம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், சரியான வழக்கைச் சொல்லியும் மதிப்பெண் போய்விடும்.

அடுத்த வழுக்குப் பாறை, ‘செல்லாது’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவது. வன்கட்டாயம், தகாச் செல்வாக்கு, மோசடி, தவறான எடுத்துரை இவற்றால் வாங்கிய சம்மதம் ஒப்பந்தத்தைத் தவிர்க்கத்தக்கதாக மட்டுமே ஆக்குகிறது. பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்று சொல்லும்வரை அது உயிரோடுதான் இருக்கும். இரு தரப்பாருமே முக்கியமான உண்மை ஒன்றில் பிழையாக இருந்தால், 20-ஆம் பிரிவின்படி அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. பந்தய உடன்பாடு 30-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் சட்டவிரோதம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதனால் பந்தயத்தைச் சார்ந்து செய்த துணை உடன்பாடு தானாக விழுந்துவிடாது. 1959-இல் கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அடிப்படை உடன்பாடே சட்டவிரோதமானால் துணையும் சேர்ந்து விழும். ஆகவே விடையில் ‘யார் விரும்பினால்’, ‘எப்போதிலிருந்து’, ‘துணை உடன்பாட்டின் கதி என்ன’ என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

மைனர் (18 வயது நிரம்பாதவர்) விஷயத்தை நன்றாக ஊறப் போட்டுப் படிக்கச் சொல்வேன். ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர் யார் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. தகுதி இல்லாதவர் செய்தால் செல்லாதா, தவிர்க்கத்தக்கதா என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியை அடைத்தது 1903-இல் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தந்த மோகரி பீபி தீர்ப்பு. கல்கத்தாவில் தர்மோதாஸ் கோஷ் என்ற மைனர் 20,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவர் சார்பில் பேசிய வழக்குரைஞருக்கு வயது விவரம் தெரிந்தே இருந்தது. உடன்பாடு முற்றிலும் செல்லாது, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் 64, 65-ஆம் பிரிவுகள் உதவா என்று முடிந்தது.

இதைத் தேர்வுக் கேள்வியாக்கினால் இப்படி வரும்: 17 வயது இளைஞர், வயது 19 என்று சொல்லி 60,000 ரூபாய்க்குக் கடனில் பைக் வாங்குகிறார். தவணை கட்டவில்லை. கடைக்காரரின் உரிமை என்ன? ‘மைனர் ஒப்பந்தம் செல்லாது, மோகரி பீபி’ என்று இரண்டு வரியில் முடிப்பவருக்குப் பாதி மதிப்பெண்கூடத் தேறாது. ஏனென்றால் கேள்வியில் பொய் வயது வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. பொய் சொன்னதால் ‘நான் மைனர்’ என்ற வாதத்தை அவர் இழக்கிறாரா? இல்லை, சட்டம் தரும் பாதுகாப்பைப் பொய் ஒன்றால் எடுத்துவிட முடியாது. அப்படியானால் கடைக்காரர் வெறுங்கையோடு போக வேண்டுமா? பைக் இன்னும் இளைஞரிடம் இருந்தால் அதைத் திரும்பப் பெற வழி உண்டு. 1963-ஆம் ஆண்டுத் தனிநிலைத் தீர்வுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி, மைனர் அடைந்த பயன் அளவுக்குத் திருப்பித் தர நீதிமன்றம் சொல்லலாம். மூன்றாவதாக, பைக் ‘வாழ்க்கைத் தேவைப் பொருள்’ ஆகுமா என்று ஒப்பந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் மைனரின் சொத்திலிருந்துதான் வசூல். அவர்மேல் தனிப்பட்ட பொறுப்பு வராது. இந்த மூன்று படிகளையும் எழுதியபின் முடிவைச் சொல்ல வேண்டும்.

இதே மைனர் பாடத்திட்டம் முழுக்க வருவார். கூட்டாண்மைச் சட்டம் 30-ஆம் பிரிவில் எல்லாக் கூட்டாளிகளின் சம்மதத்தோடு ஆதாயத்துக்கு மட்டும் சேர்க்கப்படுவார். செக் போன்றவற்றுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 26-ஆம் பிரிவில் அவர் எழுதும் ஆவணம் மற்றவர்களைக் கட்டுப்படுத்தும், அவரைக் கட்டுப்படுத்தாது. ஒரே தாளில் இவற்றை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் திருப்புதலின்போது நான்கு அலகுகள் கோத்துக்கொள்ளும்.

வழக்குகளையும் ஜோடியாகப் படியுங்கள். 1893-இன் கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கில், மருந்தைப் பயன்படுத்தியும் காய்ச்சல் வந்த பெண்மணிக்கு விளம்பரத்தில் சொன்ன 100 பவுண்டு கிடைத்தது. 1913-இன் லால்மன் சுக்லா வழக்கில், காணாமல் போன சிறுவனைக் கண்டுபிடித்த ஊழியருக்கு அறிவித்த 501 ரூபாய் கிடைக்கவில்லை. இரண்டிலும் ‘ஏற்கிறேன்’ என்று யாரும் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. வேறுபாடு, முனைவு பற்றிய அறிவு. அந்தப் பெண்மணி விளம்பரத்தைப் பார்த்துச் செய்தார். ஊழியருக்குத் தேடிக் கண்டுபிடிக்கும்போது பரிசு பற்றித் தெரியாது. தனித்தனியாகப் படித்தால் இரண்டு கதை. சேர்த்துப் படித்தால் ஒரு விதி. 1919-இன் பால்ஃபர் வழக்கும் அப்படித்தான். இலங்கையில் அரசுப் பணியில் இருந்த பொறியாளர், இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார். சட்டப் பிணைப்பை உண்டாக்கும் எண்ணம் இல்லாத வீட்டுப் பேச்சு என்று அது தள்ளுபடியானது. இதற்கு ஜோடியாக ஒரு வியாபார உடன்பாட்டை வைத்துப் பார்த்தால் எண்ணத்தின் பங்கு விளங்கும்.

சரக்கு விற்பனைச் சட்டத்தில் 12-ஆம் பிரிவின் நிபந்தனை, உறுதிமொழி வேறுபாடும், 45 தொடங்கி வரும் பணம் பெறாத விற்பவரின் உரிமைகளும் கைக்கு வந்தால் போதும்.

செக் பணமாகாமல் திரும்புவது பற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் தவறு பெரும்பாலும் சட்டத்தில் நடப்பதில்லை, நாள் கணக்கில் நடக்கிறது. மார்ச் 3-ஆம் தேதி வங்கியின் திருப்பு மெமோ கைக்கு வருகிறது என்று வையுங்கள். அந்த நாளை விட்டுவிட்டு 30 நாள். ஏப்ரல் 2-க்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். செக் கொடுத்தவர் அதை ஏப்ரல் 5 அன்று பெறுகிறார். அவருக்கு 15 நாள். ஏப்ரல் 20 வரை பணம் கட்டலாம். கட்டாவிட்டால் 21 அன்று வழக்குக் காரணம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதம், 21-ஐ விட்டுவிட்டு எண்ணினால் மே 21 வரை புகார் தரலாம். முதலாவது ‘30 நாள்’, கடைசியானது ‘ஒரு மாதம்’, இரண்டும் ஒன்றல்ல. 15 நாள் முடியும் முன்பே கொடுத்த புகார் நிற்காது. தேதி போட்ட கேள்வி வந்தால் விடைத்தாளின் ஓரத்தில் ஒரு கோடு வரைந்து இந்தத் தேதிகளை அதில் குறித்துக்கொண்டு எழுதுங்கள்.

பழைய கைடு வாங்கிப் படிப்பவர்கள் சில இடங்களைக் கட்டாயம் திருத்திக்கொள்ள வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 இப்போது இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் முதலில் இருந்த 1 கோடி, 10 கோடி வரம்புகள் 2021 இறுதியில் விதிகளால் மாறின. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை, மாநில ஆணையம் 2 கோடி வரை, அதற்கு மேல் தேசிய ஆணையம். கொடுத்த விலையை வைத்துத்தான் கணக்கு. செக்கின் ஆயுள் 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம். தனியார் கம்பெனியின் உறுப்பினர் உச்சவரம்பு 50 அல்ல, 200. ஒரு லட்சம் குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015-இல் நீங்கியது. ஒப்பந்தச் சட்டத்தில் வன்கட்டாயம் பற்றிய 15-ஆம் பிரிவின் வாசகம் இந்தியத் தண்டனைச் சட்டத்தைக் குறிக்கும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் திருத்துபவர் கவனிப்பார்.

ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். வேலையில் சேரும்போது ‘விலகியபின் இரண்டு ஆண்டு இதே துறையில் சேர மாட்டேன்’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள். தொழிலைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்பதே இங்கே பொது விதி. தொழிலின் நன்மதிப்பை (குட்வில்) விற்பவருக்கு மட்டும் பிரிவே விலக்கு தருகிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு, அது செல்லும். படித்து முடித்தவுடன் நம் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்படும் பிரிவு இதுதான்.

தேர்வு அறையில் நேரம். பல இடங்களில் 75 மதிப்பெண், மூன்று மணி நேரம்: இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, பத்து மதிப்பெண் மூன்று. நான்கு நிமிடம், பன்னிரண்டு நிமிடம், இருபத்திரண்டு நிமிடம் என்று ஒதுக்கினால் 166 நிமிடம் ஆகும். மீதி பதினான்கு நிமிடம் திருப்பிப் பார்க்க. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அரைப்பக்கம் எழுதுபவர்கள்தான் கடைசிப் பத்து மதிப்பெண் கேள்வியைப் பாதியில் விடுகிறார்கள். சி.ஏ. ஃபவுண்டேஷன் (பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் நிலைத் தேர்வு) எழுதுபவர்களுக்கு வணிகச் சட்டம் 100 மதிப்பெண் விரித்தெழுதும் தாள். முதல் கேள்வி கட்டாயம், மற்ற ஐந்தில் நான்கு. அங்கே கதைக் கேள்விகள் இன்னும் அதிகம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஒரு புத்தகம் வன்கட்டாயம் என்கிறது, இன்னொன்று வற்புறுத்தல் என்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து விடைத்தாள் முழுக்க அதையே எழுதுங்கள். முதல் முறை எழுதும்போது பிரிவு எண்ணையும் சேர்த்துவிட்டால் திருத்துபவருக்குச் சந்தேகம் வராது. எண் மறந்துபோனால் ஊகித்து எழுத வேண்டாம். ‘ஒப்பந்தச் சட்டத்தின்படி’ என்று மட்டும் போட்டு விதியைச் சரியாக எழுதினால் பெரிய இழப்பில்லை. 16 வர வேண்டிய இடத்தில் 17 என்று எழுதினால் தகாச் செல்வாக்கு மோசடியாகிவிடும், கீழே எழுதிய விளக்கமும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.