வைவாவில் என்செலடஸ் வந்தால்

எம்.எஸ்ஸி. இயற்பியலில் கோள் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்து, சூரியக் குடும்பத்தில் உயிர் வாழ ஏற்ற சூழல் பற்றி செமினார் கொடுத்து, வைவாவும் (வாய்மொழித் தேர்வு) முடித்தாயிற்று. எப்படிப் படிப்பது என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். எந்தக் கோளில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் பெரிய பயனில்லை. எக்ஸ்டெர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நீர் திரவமாக இருக்க ஏற்ற தூரத்தைக் காட்ட, சூரியனைச் சுற்றிப் பச்சைப் பட்டை போட்ட வாழத்தகு மண்டலப் படம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதைப் பார்ப்பதைவிட ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். பூமிக்கு வரும் சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். அதில் 30 சதவீதம் திரும்பிப் போகிறது. ஒரு பொருளின் வெப்பநிலையையும் அது வெளிவிடும் கதிர்வீச்சையும் இணைக்கும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதியில் போட்டால் 255 கெல்வின், அதாவது மைனஸ் 18 டிகிரி வரும். கடலெல்லாம் உறைந்திருக்க வேண்டும். மிச்சம் 33 டிகிரியைக் கொடுப்பது வளிமண்டலம். அப்புறம் அதே கணக்கை வெள்ளிக்குப் போடுங்கள். மேகங்கள் முக்கால்வாசி ஒளியைத் திருப்பிவிடுவதால் பூமியைவிடக் குளிர்ந்த விடை கிடைக்கும். உண்மையில் அங்கே தரையில் 460 டிகிரிக்கு மேல்! சூரியனிலிருந்து உள்ள தூரத்தை மட்டும் வைத்துப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது என்செலடஸுக்கு. சனியின் இந்தத் துணைக்கோளுக்கு விட்டம் 500 கிலோமீட்டர்தான். பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் தொண்ணூறில் ஒரு பங்குதான் அங்கே விழும். பட்டைக்கு வெகு வெளியே. 2005-ல் காசினி விண்கலத்தின் காந்தமானி, சனியின் காந்தப்புலம் அதனருகே வளைவதைக் கண்டது. உடனே அடுத்த சுற்றில் இன்னும் நெருக்கமாக, 173 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தைப் பறக்கவிட்டார்கள். தென்துருவ விரிசல்களிலிருந்து நீராவி பீய்ச்சுவது அப்போதுதான் உறுதியானது. வெப்பம் எங்கிருந்து? கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடேறுமே, அதுபோல சனியின் ஈர்ப்பு அதைப் பிசைகிறது. டயோன் என்ற இன்னொரு துணைக்கோளுடன் உள்ள ஒத்திசைவு (டயோன் ஒரு முறை சுற்றுவதற்குள் இது இரண்டு முறை சுற்றிவிடும்), என்செலடஸின் பாதை முழு வட்டமாகிவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

இங்கே நோட்டில் ஒரு பக்கத்தை அளவீடு, அதிலிருந்து வரும் முடிவு, வேறு விளக்கம் உண்டா என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். என்செலடஸின் சுழற்சியில் 2015-ல் கண்ட லேசான ஊசலாட்டம், பனிக்கடியில் முழுக் கடல் என்று காட்டியது. அதே ஆண்டு சொன்ன சிலிக்கா நுண்துகள்கள், வெந்நீர் பாறையைத் தொடுவதைச் சுட்டின. அங்கிருந்து வெளியேறிய பொருளில் 2017-ல் ஹைட்ரஜன், 2023-ல் பாஸ்பேட் இருப்பதாகச் சொன்னார்கள். வைவாவில் நான் மாட்டியது ஹைட்ரஜனில்தான். பூமியின் ஆழ்கடலில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு அது தீனி என்றேன். "தீனி இவ்வளவு மிச்சமிருந்தால், சாப்பிட ஆளில்லை என்று ஏன் சொல்லக் கூடாது?" என்று எக்ஸ்டெர்னல் திருப்பினார். நியாயமான கேள்வி. ஆற்றல் இருக்கிறது என்பதுவரைதான் அந்த அளவீடு பேசும், அதைத் தாண்டி இரு பக்கமும் வாதாடலாம் என்று சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவுக்கு, மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்ற ஃபாரடே விதி போதும். வியாழனின் சாய்ந்த காந்தப்புலம் சுழலும்போது யூரோப்பா இருக்கும் இடத்தில் புலம் மாறிக்கொண்டே இருக்கும். பனிக்கடியில் உப்புநீர் இருந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு எதிர்ப்புலம் உண்டாகும். வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலம் அளந்தது அதைத்தான். துளை போடாமலே கடல் தெரிந்த கதை இது. இயற்பியல் மாணவர் இதைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கு, வளிமண்டல அழுத்தம் 6 மில்லிபார் அளவுதான், நீரின் மும்மைப் புள்ளிக்கு (பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் நிலை) அருகில் என்பதையும், 1976-ல் வைக்கிங் கலங்கள் அங்கே உயிரைத் தேடிச் செய்த சோதனைகளின் முடிவு ஏன் இன்றும் சர்ச்சையாக இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டால் போதும். நேரம் குறைவாக இருந்தால் சனியின் இன்னொரு துணைக்கோளான டைட்டனை ஒரு பத்தியோடு விடலாம்.

நடப்பு நிகழ்வுகளில் வார்த்தையை அளந்து பேசுங்கள். 2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-ல் வியாழனை அடையும். அது உயிரைத் தேடப் போகவில்லை, ஏற்ற சூழல் உண்டா என்று பார்க்கப் போகிறது. பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் கண்ட புள்ளி போட்ட பாறையைப் பற்றி 2025-ல் வந்த கட்டுரையும், உயிர்த்தடமாக இருக்கக்கூடும் என்றுதான் சொல்கிறது. "உயிர் கண்டுபிடிக்கப்பட்டது" என்று செய்தித் தலைப்பை அப்படியே ஒப்பித்தால் மார்க் அங்கேயே போய்விடும்.