வரி ரசீதைக் காட்டி வீட்டில் பாதி கேட்டார்

விவாகரத்துத் தீர்ப்பு நகல் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ராத்திரி முழிப்பு வந்தால் பீரோவைத் திறந்து பத்திரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். 2013-ல் என் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கி, என் பேரில் கிரயம் செய்த வீடு. கல்யாணம் 2015-ல். மறு வருஷம், "ஆம்பளை பேர்ல இருந்தாத்தான் மதிப்பு" என்று மாமியார் சொன்னதால் வீட்டு வரியையும் கரண்ட் இணைப்பையும் கணவர் பேருக்கு மாற்றிக் கொடுத்தேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

பிரிவது என்று ஆனதும் அந்த வரி ரசீதுகளைக் கத்தையாகக் காட்டி "பாதி வீடு எனக்கு" என்றார். பேச வந்த பெரியவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வக்கீலம்மாதான் தெளிய வைத்தார். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நமக்குள்ள இந்துச் சட்டத்தில், தாலி ஏறியதாலேயே ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பாதி வந்துவிடாது. ஜீவனாம்சமும் மனைவி குடியிருக்கும் உரிமையும் வேறு விஷயம். "ஆனா தவணையில அவர் காசு எவ்வளவுன்னு முதல்ல பாருங்க ஆச்சி" என்றார்.

அலைச்சல் அங்கேதான். வங்கிக்குப் போனால், கணக்கு வேறு கிளைக்கு மாறிவிட்டது என்றார்கள். லீவு போட்டு அந்தக் கிளைக்குப் போனால், முடிந்த கடனுக்கு விவரம் எடுக்க முடியாதாம். மூன்றாம் தடவை மனுவாக எழுதிக் கொடுத்து, என் நகலில் முத்திரை வாங்கினேன். பத்தாம் நாள் வந்துவிட்டது. முதல் தடவையே எழுதிக் கொடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் தரையில் தாள்களைப் பரப்பி, அப்பச்சி (என் அப்பா) ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்க, நான் பென்சிலால் குறித்தேன். 84 தவணையில் 77 என் சம்பளக் கணக்கிலிருந்து போனது. கால் முறிந்து சம்பளமில்லாமல் கிடந்தபோது 7 மட்டும் அவர் கட்டியது. அதை டிடி எடுத்துக் கொடுத்துவிட்டேன். கடன்பட்டு நிற்க வேண்டாம்.

வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைத்தது. அதில் இன்னொரு இடி: 2020-ல் கடன் அடைந்தும் அடமானம் அப்படியே நின்றது. வங்கி தரும் ரசீதைப் பதிவு செய்தால்தான் அது நீங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடன் முடிந்த கையோடு பதிந்துவிடுங்கள்.

மனமொத்த விவாகரத்து, ஆறு மாதக் காத்திருப்பு எல்லாம் சிக்கலில்லாமல் போனது. ஆனால் மனுவின் முதல் வரைவில் அவர் தரப்பில் "மேற்படி வீட்டில் உரிமை கோரமாட்டேன்" என்று மொட்டையாக இருந்தது. பத்திர எண், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் வேண்டும் என்று நின்றேன். குமாஸ்தா முகம் சுளித்தார். சுளிக்கட்டும். அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் வரிப் பெயரை மாற்ற முடிந்தது.

நேற்றுப் புது ரசீது வந்தது. என் பேர், அப்பச்சியின் இனிஷியலோடு.