ஆடி அமாவாசைக் கரை

10.07.2025, வியாழன்

இன்னும் 14 நாள். கயிறு வரவில்லை.

12.07.2025, சனி

கயிறு வந்தது, கேட்ட கயிறு இல்லை. சொல்லிவிட்டது 12 மில்லிமீற்றர் பொலிப்புரொப்பிலீன், மஞ்சள் நிறம். வந்திருப்பது வெள்ளை நைலோன். பாரம் தாங்குவதில் நைலோனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது தண்ணீரில் தாழும், இழுத்தால் நீளும். குளிக்கிற எல்லையைக் காட்டுகிற கயிறு தண்ணீருக்கு மேலே பளிச்சென்று தெரிய வேண்டும். ஒரு சாண் தாழ்ந்து கிடந்தால் அது காலில் சுற்றும். வயதானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை முழுகி எழும்புகிற இடத்தில் அப்படி ஒன்று கிடக்கவே கூடாது.

திங்கட்கிழமை மாற்றித் தருவார்களாம். நீளமும் கூட்டிக் கேட்க வேண்டும். 60 மீற்றருக்கு ஒன்றரை மீற்றர் இடைவெளியில் 40 மிதப்பு. ஒவ்வொரு மிதப்புக்கும் இரண்டு பக்கமும் முடிச்சு, இல்லாவிட்டால் அலை எல்லா மிதப்பையும் ஒரு பக்கம் தள்ளிச் சேர்த்துவிடும். நடுவில் கயிறு வெறுமையாய்த் தாழும். ஆக 80 முடிச்சு. ஒரு முடிச்சு 12 சென்ரிமீற்றரைத் தின்றால் ஏறக்குறைய 10 மீற்றர் முடிச்சுக்கே போகிறது. தலைப்புக் கட்டவும் சேர்த்து 75 மீற்றர்.

பகல் முழுக்கக் கச்சான் காற்று.

13.07.2025, ஞாயிறு

விடியக்காலையில் திருகோணமலை டச்பே கரையில் ஆழம் பார்த்தது. எட்டடிக் கமுகஞ் சலாகையில் சிவப்பு நாடாவால் மூன்று அடையாளம்: முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஐந்து எட்டு நடந்ததற்கு ஒரு தரம் ஊன்றிப் பார்த்து, கரையில் நிற்பவர் கொப்பியில் எழுதினார். பத்து மீற்றருக்கு ஒரு வரி, ஆறு வரி.

தெற்குப் பக்கத்து இரண்டு வரியில் ஒரு படி இருக்கிறது. இடுப்பளவில் நிற்கிறவர் அடுத்த அடி வைத்தால் கழுத்து. மேலே நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அந்த இடத்தில் தண்ணீரின் நிறம் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். கயிற்றைப் படியின்மேல் போடக் கூடாது. படிக்கு மூன்று மீற்றர் இப்பாலே போட வேண்டும். ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் அது கடல் பக்கம் இரண்டு மீற்றராவது வளைந்து கொடுக்கும்.

இந்த அளவு பத்து நாளைக்கு நிற்காது. மணல் நகரும். 22, 23 இரண்டு நாளும் திரும்பப் பார்க்க வேண்டும். அமாவாசைக்கு வற்றும் பெருக்கும் கூடுதல். எங்கள் கரையில் அது ஒரு மீற்றருக்குள்தான்; ஆனாலும் ஒரு சாண் ஏறினாலே இடுப்பு வயிறாகிவிடும், குள்ளமானவருக்கு நெஞ்சு.

14.07.2025, திங்கள்

மஞ்சள் கயிறு கிடைத்தது. நைலோனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நங்கூரத்துக்கு அதுதான் நல்லது: தாழ்ந்து கிடக்கும், அலை உதைத்தால் நீண்டு கொடுத்து நங்கூரத்தைப் பிடுங்க விடாது. ஆழத்தின் மூன்று மடங்காவது கயிறு விட வேண்டும்.

மண்மூட்டையே போதும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். போதாது. 40 கிலோ காய்ந்த மணல் தண்ணீருக்குள் 25 கிலோ அளவில்தான் நிற்கும். கயிற்றில் ஐந்து பேர் தொங்கினால் மூட்டை நடக்கத் தொடங்கும். கடல் பக்கத்து இரண்டு மூலைக்கும் இரும்பு நங்கூரம். மண்மூட்டை நடுவில் மட்டும். கரைப் பக்கத் தலைப்புக்குத் தென்னங்குற்றி, இழுவைக்குக் குறுக்கே, ஒரு மீற்றர் ஆழத்தில் புதைக்க வேண்டும். நட்டு வைத்த கம்பு மணலில் அசைந்து அசைந்து வெளியே வந்துவிடும். படுத்த குற்றி வராது.

15.07.2025, செவ்வாய்

கரைவலைக்காரரோடு பேச்சு. வலை வளைப்பை நிற்பாட்டச் சொல்லிக் கேட்பது லேசான காரியமில்லை, கேட்கிறவர்கள் அதைத் தெரிந்து கேட்க வேண்டும். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி சொன்னது: "தம்பி, விடியக்காலை வளைப்பு ஒண்டை விடுறதெண்டால் இருபது குடும்பத்துக்கு அண்டைக்குக் கறி இல்லை. ஆனா அப்பாமாருக்குத் தண்ணி விடுற நாள், அதையும் மறிக்க ஏலாது."

முடிவு: 24ஆம் திகதி விடியக்காலை வளைப்பு இல்லை. 11 மணிக்குப் பிறகு வடக்குப் பக்கமாக ஒன்று. அவர்களுடைய பத்துப் பேர் காவலுக்கு நிற்பார்கள், நாட்கூலி கொடுத்து. அன்பளிப்பு என்று சொல்லக் கூடாது, கூலிதான். கடலைத் தெரிந்த கண் பத்து கரையில் நிற்பதற்கு அந்தக் காசு ஒன்றுமேயில்லை.

16.07.2025, புதன்

கச்சான். கச்சான். கண்ணுக்குள் எல்லாம் மணல்.

17.07.2025, வியாழன்

ஆடிப் பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும் வேலை நடந்த இடத்துக்கே வந்தன.

பெண்கள் உடுப்பு மாற்றும் மறைப்பு. தறப்பாள் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்துவிட்டது. இந்தக் காற்றில் தறப்பாள் பாய்மரம். கம்பை முறிக்கும், அல்லது கம்போடு எழும்பும், உள்ளே நிற்பவர்களின் கதி என்ன? கிடுகுதான் சரி. காற்று ஊடே போகும், கண் போகாது. கீழிருந்து மேலே, ஒன்றின்மேல் ஒன்று நாலு விரல் ஏற வைத்துக் கட்ட வேண்டும். உயரம் ஆறரை அடி. ஆறடி போதாது, கரை மேட்டில் நின்றால் தலை தெரியும். வாசல் கடலைப் பார்த்து; அதற்கு முன்னால் தனியாக ஒரு தட்டி, வாசலைவிட இரண்டு மடங்கு அகலம். உள்ளே உடுப்புத் தொங்கவிட ஒரு கயிறு, நிலத்தில் பாய். பாய் இல்லாவிட்டால் ஈரச்சேலையில் மணல் ஒட்டி, மாற்றுவதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். வெளியே வரிசை நீளும். வரிசை நீண்டால் ஈர உடுப்போடு வயதானவர்கள் காற்றில் நிற்பார்கள்.

18.07.2025, வெள்ளி

செருப்பு.

கடலுக்குள் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று தலையை எண்ணிப் பார்ப்பது நடக்காத காரியம். செருப்பை எண்ணலாம். கரையில் நாலு இடத்தில் பலகை அடித்து, செருப்பு இங்கே மட்டும் என்று எழுதி வைத்தால், முடிகிற நேரத்தில் மிச்சம் நிற்கிற சோடி ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. வீட்டுக்கு வெறுங்காலோடு போனவரா? வேறு ஒருவரின் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போனவரா? அல்லது.

பலகை நாலும் நாலு நிறம். சிறுவர்களுக்கு அதே நிறத்தில் கைநாடா, கையில் பெற்றோரின் தொலைபேசி இலக்கம். போல்பொயின்ற் பேனை கடல் தண்ணீரில் போய்விடும், மார்க்கர் தேவை. எண்ணெய் பூசிய கையில் மார்க்கர் பிடிக்காது, முதலில் துணியால் துடைக்க வேண்டும்.

19.07.2025, சனி

காவல் படகு இரண்டு, 18 அடி ஃபைபர். எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. தொழிலுக்குப் போகும்போது அது சரி, நீளத்துக்கு ஓடும். காவலுக்குச் சரிவராது. நாலு மணித்தியாலம் மெதுவாக ஓடிக்கொண்டு நின்றால் பிளக்கில் கரி பிடிக்கும்; ஒருவர் தாழுகிற நேரத்தில் கயிற்றை இழுத்தால் எஞ்சின் இருமும், பிடிக்காது. அன்றைக்கு முழுக்கப் பெற்றோல். 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் எண்ணெய், ஐம்பதுக்கு ஒன்று. அரை மணிக்கு ஒரு தரம் கடல் பக்கம் விலகி ஒரு நிமிடம் வேகமாக ஓட்டிக் கரியை எரிக்க வேண்டும். மேலதிக பிளக் இரண்டு, பிளக் ஸ்பானர், காய்ந்த துணி, மூன்றும் ஒரு பைக்குள் கட்டி ஓட்டுகிறவரின் கைக்கெட்டும் இடத்தில்.

கயிற்றுக்கு உள்ளே எஞ்சினோடு வரவே கூடாது. ஆளுக்குக் கிட்ட வந்தால் எஞ்சினை நிற்பாட்டித் துடுப்பு. எஞ்சின் காற்றாடி ஆளைத் தெரிந்து வெட்டாது.

20.07.2025, ஞாயிறு

தண்ணீர்ப் பந்தல். 1,000 பேருக்கு மோர், ஆளுக்கு 200 மில்லிலீற்றர், ஆக 200 லீற்றர். கிண்ணியா எருமைத் தயிர் 40 லீற்றர், தண்ணீர் 160. உப்பு 1 கிலோ. சின்ன வெங்காயம் 3 கிலோ, பச்சைமிளகாய் 1 கிலோ, கறிவேப்பிலை, தேசிக்காய் 100. எருமைத் தயிர் தடிப்பு. தண்ணீருக்குள் நேரே கொட்டினால் கட்டி கட்டியாய் அடியில் போய் நிற்கும். முதலில் கொஞ்சத் தண்ணீர் விட்டு மத்தால் நன்றாகக் கடைந்து, பிறகுதான் பரலில் சேர்க்க வேண்டும்.

மீனுக்குப் போடுகிற ஐஸ் கரையில் தாராளமாகக் கிடைக்கும். அதை மோருக்குள் போடக் கூடாது, ஒரு துண்டுகூட. குடிக்கிற தண்ணீரில் செய்தது அல்ல அது. பரலுக்கு வெளியே ஈரச்சாக்குச் சுற்றினாலே இந்தக் காற்றுக்குக் குளிரும்.

கோப்பை எவர்சில்வர் மட்டும், 200. கடதாசிக் கோப்பை கொடுத்தால் கச்சான் அதைக் கடலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

21.07.2025, திங்கள்

பிள்ளைகளுக்குப் பயிற்சி. முதலில் சொல்லிக் கொடுத்தது, தாழுகிறவர் கத்த மாட்டார். கையை ஆட்டிக் கூப்பிடவும் மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னே சாய்ந்து, உடம்பு நேராக நிற்கும். கையால் தண்ணீரைக் கீழே அமத்துவார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பத்தடி தூரத்தில் நிற்கிறவர்கள் அவரும் முழுகுகிறார் என்றே நினைப்பார்கள். அமாவாசைக்கு எல்லோரும் முழுகுகிறவர்கள்தானே. இதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. மற்ற நாளில் தலை மறைந்தால் பயப்படலாம். அன்றைக்கு ஆயிரம் தலை மறைந்து மறைந்து எழும்பும், எதைப் பார்த்துப் பயப்படுவது?

ஆகையால் ஒவ்வொரு காவலுக்கும் 15 மீற்றர் அகலம் மட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தரம் ஆள் மாற்றம், வெயில் தண்ணீரில் அடித்தால் கண் அதற்குமேல் பிடிக்காது. பேச்சு இல்லை, தொலைபேசி இல்லை.

நீந்திப் போவது கடைசி வழி. முதலில் எறிய வேண்டும். ஐந்து லீற்றர் வெறுங்கலனில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டு இறுக மூடி, பிடியில் 15 மீற்றர் கயிறு. தண்ணீர் விடாவிட்டால் காற்று கலனைத் திருப்பி எறியும். ஆளின் தலைக்கு மேலால் எறிந்து இழுத்துக் கொடுக்க வேண்டும்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமத்தக் கூடாது. முதலில் ஐந்து மூச்சு, பிறகு நெஞ்சில் 30 அமத்தல், மூச்சு 2. ஒருவர் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிக்க, மற்றவர் றோட்டு வாசலைத் திறந்து வைக்க. பெட்டிக்கடை வண்டில்கள் அந்த வாசலை மறிக்கக் கூடாது. சுண்ணாம்பால் கோடு போட்டாயிற்று.

திருக்கை குத்தினால் சூட்டுத் தண்ணீர், 45 பாகை, அரை மணிக்குக் குறையாமல். ஊற்றுகிறவர் தன் முழங்கையை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். சொறி (ஜெலி மீன்) பட்டால் கடல் தண்ணீரால்தான் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டி நிற்கிற முட்கள் இன்னும் வெடிக்கும். பந்தலில் மூன்று பிளாஸ்க்.

22.07.2025, செவ்வாய்

படி நகர்ந்துவிட்டது. நாலு மீற்றர் கரைக்குக் கிட்ட.

23.07.2025, புதன்

திரும்ப அளந்தது. அதே இடம். கயிற்றை உள்ளே எடுத்துப் போட்டாயிற்று. குளிக்கிற அகலம் குறைந்துவிட்டது என்று முறைப்பாடு வருகிறது. வரட்டும்.

வேலைநாள் ஆகையால் கூட்டம் 5க்கும் 7க்கும் இடையில் நெருக்கும், கந்தோருக்குப் போகிறவர்கள் இருட்டோடே வருவார்கள். சூரியன் 6 மணிக்குச் சற்று முன்னேதான். விளக்கு கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தால் முழுகி எழும்புகிறவரின் முகம் தெரியும். கரைக்குத் திரும்பும்போது அவருக்குக் கண் கூசும். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சரித்து. மின்பிறப்பாக்கி மேட்டில், வயர் மணலுக்குள் புதைக்காமல் கம்பில் தூக்கி.

24.07.2025, வியாழன்

4.10. காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல.

5.30. எள்ளும் தர்ப்பையும் வைத்துத் தண்ணீர் விடுகிறவர்கள் கரையோரம் முழுக்க. அப்பாவின் பேரைச் சொல்லும்போது எல்லோருடைய குரலும் தாழ்கிறது.

6.45. நடு மண்மூட்டை ஒன்று நடந்துவிட்டது. இன்னொன்று சேர்த்துக் கட்டியது.

8.20. கச்சான் எழும்புகிறது.

9.00. மஞ்சள் நாடாப் பிள்ளை ஒன்று 12 நிமிடம் காணவில்லை. கச்சான் கடலை விற்கிற இடத்தில் நின்றது.

11.15. கயிறு கரையில். செருப்பு மூன்று சோடி மிச்சம்.

11.50. ஒரு சோடி. நீலப் பட்டி, அளவு 7, இடது குதி தேய்ந்தது.

1.30. இரண்டு படகும் கரையோரம் நெடுகப் போய்த் திரும்பின. ஒலிபெருக்கியில் ஆறு தரம் சொல்லியாயிற்று. காணவில்லை என்று ஒருவரும் வரவில்லை. பொலிசிலும் இல்லை.

25.07.2025, வெள்ளி

குப்பை. பூவும் இலையும் ஒரு பக்கம், அதற்குள் மாலை கட்டிய நைலோன் நூல் கிடக்கும். கையால் உருவி எடுத்தால்தான் பசளைக் குழிக்குள் போடலாம். 22 உரப்பை நிறைந்தது. இருட்டுமுன் ஏற்றி அனுப்ப வேண்டியது, ஐந்து மூட்டை தங்கிவிட்டது. காலையில் போனால் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து பிரித்திருக்கின்றன. ஒரு பெட்டை மான், வாழைப்பழத் தோலோடு சேர்த்துக் கற்பூரப் பைக்கற்றைச் சப்பிக்கொண்டு நின்றது. வாயோரத்தில் பொலித்தீன் நுனி வெளியே ஆடியது. கிட்டப் போனதும் விழுங்கிவிட்டது.

அது வயிற்றில் செமிக்காது. அடுத்த முறை ஒரு மூட்டையும் தங்கக் கூடாது.

27.07.2025, ஞாயிறு

கயிறு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போட்டது. வெயிலில் போட்டால் பொலிப்புரொப்பிலீன் ஒரு வருடத்தில் தும்பு தும்பாய் உதிரும். 80 முடிச்சில் 3 தளர்வு.

செருப்புக்கு ஆள் வரவில்லை.

03.08.2025, ஞாயிறு

செப்ரெம்பர் 20, சனி, கரை துப்புரவு. உலகம் முழுக்க அந்த மாதத்து மூன்றாம் சனிதான் நாள். கச்சான் அப்போதும் நிற்கும். வெறும் உரப்பையைக் கையில் கொடுத்து அனுப்பினால் பாதி கடலுக்குப் பறக்கும், ஒவ்வொன்றிலும் முதலில் இரண்டு கை மணல். தண்ணீர் ஓரத்தில் தொடங்கி மேட்டுப் பக்கம் ஏற வேண்டும், மேட்டிலிருந்து இறங்கினால் கிளறிய பொலித்தீன் முன்னாலே ஓடும். புதைந்த வலையை இழுக்கக் கூடாது, மண்வெட்டியால் இரண்டு பக்கமும் தோண்டி, கத்தியால் ஒரு மீற்றர் துண்டு துண்டாய். கையுறை 60 சோடி, ரப்பர் பூசியது. ஊசி, உடைந்த கண்ணாடிக்கு மூடியுள்ள வாளி 4. செருப்போடு யாரும் வரக் கூடாது, சப்பாத்து.

நீலப் பட்டிச் செருப்பு பலகையிலேயே. பலகையைக் கழற்றவில்லை.